பஹ்மியும் அடங்காத மணிக்கூடும்

இறங்கச் சொல்லும் முன்பே பஹ்மி பையை அவிழ்க்கத் தொடங்கிவிடுகிறார். கட்டுகஸ்தோட்டை பஸ் கண்டி நகரத்துக்குள் நுழையும் இடத்தில், சோதனைச் சாவடியில், இது தினமும் நடக்கிறது. மற்றவர்கள் அடையாள அட்டையைத் தேடிச் சட்டைப்பையைத் தடவிக்கொண்டு நிற்க, இவர் மணல் மூட்டைக்குப் பக்கத்து மேசையில் தன் சாமான்களை ஒவ்வொன்றாகப் பரப்புகிறார். வயர்ச் சுருள், குறடு, ஈயம் பற்றவைக்கும் கோல், முள் துடிக்கிற மீற்றர், உள்ளுடம்பு தெரியக் கழற்றிய ஒரு மணிக்கூடு, கைநிறைய பெட்டரி. இந்தக் காலத்தில் ஒரு மனிதன் பையில் வைத்திருக்கக் கூடாத பொருட்கள் எவையோ அவை அத்தனையும் அந்தப் பைக்குள் இருக்கின்றன.

புதிதாக வந்த சிப்பாய் என்றால் ஓரடி பின்வாங்கி, "மேக்க மொகக்த?", இது என்ன என்று ஒவ்வொன்றையும் துப்பாக்கி முனையால் காட்டி விசாரிப்பான். பஹ்மி அதற்காகவே காத்திருந்தவர் போலச் சரளமான சிங்களத்தில் விளக்கம் கொடுப்பார். கொம்பியூட்டர் என்பது என்ன, அதற்கு ஏன் காய்ச்சல் வருகிறது, இந்தச் சாமானால் அந்தக் காய்ச்சலை எப்படி இறக்கலாம். பின்னால் வரிசை நீளும், பஸ் ஹோர்ன் அடிக்கும். கடைசியில் சிப்பாயே போதும் போங்கள் என்று பையைக் கட்ட உதவி செய்வான். பழைய சிப்பாய்கள் இவரைக் கண்டால் பையைப் பார்ப்பதில்லை, நேரம் கேட்கிறார்கள். பஹ்மி எந்த நேரம் வேண்டும் என்று திருப்பிக் கேட்பார், ஏனென்றால் அவர் இரண்டு கையிலும் மணிக்கூடு கட்டியிருக்கிறார்.

அது பைத்தியம் இல்லை. போன வருடம் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காக அரசாங்கம் நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. சில மாதம் போனதும் மனம் மாறி, அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டது. ஆகவே இப்போது பழைய நேரம், புது நேரம், அதற்கும் புதிய நேரம் என்று மூன்று நேரம் ஊருக்குள் உலாவுகிறது. கலியாணக் கார்டில் எந்த நேரம் என்று போட மறந்தவர்களின் வீட்டில் பாதிப் பேர் தாலி கட்டி முடிந்தபின் வருகிறார்கள், மீதிப் பேர் பந்தி முடிந்தபின் வருகிறார்கள். வடக்கே அரசாங்கத்தின் கைக்குள் இல்லாத இடங்களில் இந்தத் திருத்தம் எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை; அங்கே இன்னமும் பழைய நேரம்தான். அதனால் கண்டியில் தமிழ் பேசுகிற ஒருவரின் கையில் பழைய நேரம் ஓடினால் அதற்கும் ஒரு விசாரணை உண்டு.

பஹ்மியையும் ஒரு முறை அப்படி உட்கார வைத்தார்கள். இடது கை அரசாங்க நேரம், வலது கை யாருடைய நேரம் என்று அதிகாரி கேட்டாராம். வலது கை உம்மாவுடைய நேரம் என்றாராம் இவர். அது உண்மை. அவருடைய தாயார் ஆஸியா உம்மா எந்த அரசாங்கத்துக்காகவும் தன் அடுப்பை அரை மணித்தியாலம் முந்திப் பற்றவைத்தவர் அல்லர். அதிகாரி கடைசியில் சிரித்துவிட்டு, தன்னுடைய அம்மாவும் அப்படித்தான் என்று சொல்லித் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினாராம். பஹ்மி சொல்கிற கதையில் பாதியைத் தள்ளிவிட்டுக் கேட்க வேண்டும். எந்தப் பாதி என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இவ்வளவு மணிக்கூட்டோடு திரிகிறவர் எந்த இடத்துக்கும் உரிய நேரத்துக்குப் போனதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

யட்டிநுவர வீதியில் ஒரு மாடியை நானும் அவரும் பலகை அடித்துப் பங்கிட்டுக்கொண்டிருக்கிறோம். பலகைக்கு இந்தப் பக்கம் நான் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தப் பக்கம் 'பஹ்மி கொம்பியூட்டர் ஆஸ்பத்திரி'. போர்டை அவரே எழுதினார், செஞ்சிலுவை போடலாமா என்று என்னிடம் யோசனை கேட்டார், வேண்டாம் என்றேன். பலகை மெல்லியது. நான் தேய்மானம் பற்றிப் பேசும்போது அங்கிருந்து "ஆ, வாங்க தங்கம், மூச்சு விடுங்க" என்று ஒரு குரல் வரும். அது கொம்பியூட்டருக்குச் சொல்வது. என் மாணவிகள் முதல் வாரம் பயந்தார்கள், இப்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுக்கிறார்கள்.

பஹ்மிக்கு வயது முப்பத்து நான்கு. நெடிய ஆள். நடக்கும்போது முழங்கால் முதலில் போய்ச் சேரும், மற்றதெல்லாம் பிறகு வரும். பகிடி சொல்லும் முன்பே சிரித்துவிடுவதால் அவருடைய பகிடி எதையும் யாரும் முழுதாகக் கேட்டதில்லை. கொம்பியூட்டருக்குள் இருக்கும் தூசியை அவர் சளி என்பார். எலி கடித்த வயரை வெட்டுக்காயம் என்பார். கரண்ட் வெட்டு என்பது அவருக்கு ஊரில் பரவிய தொற்றுநோய், அது இருக்கும்வரை தனக்கு வருமானம் என்று சந்தோஷப்படுவார். அடுத்த நிமிடமே அப்படிச் சந்தோஷப்பட்டதற்காக "அஸ்தஃபிருல்லாஹ்" என்று கன்னத்தில் தட்டிக்கொள்வார்.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் ஸெய்னுலாப்தீன் ஹாஜியாருடைய புடைவைக்கடையின் கொம்பியூட்டர் ஆட்டிவைத்தது.

முதல் தடவை அழைத்தபோது நோய் உண்மையானது. போன வருடத்து நீண்ட கரண்ட் வெட்டில் உள்ளே இருந்த பெட்டரி செத்துவிட்டது. பெட்டரி செத்தால் இந்த இயந்திரங்களுக்கு ஞாபகம் போய்விடும், திறக்கும்போதெல்லாம் 1980ஆம் ஆண்டு சனவரி முதலாம் திகதி என்று காட்டும். தொழிற்சாலையில் அவற்றுக்கு அந்த ஒரு நாளைத்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பஹ்மி கடைக்காரர் எல்லோரையும் கூட்டி வைத்துத் திரையைக் காட்டினார். "பாருங்க ஹாஜியார், இதுக்குள்ள உங்களுக்கு ஒரு முடி நரைக்கல்ல" என்றார். பிறகு கணக்காளர் பாலேந்திரனைப் பார்த்து, உங்களுக்கு இன்னும் கலியாணமே ஆகவில்லை என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எண்பதாம் ஆண்டில் எண்பத்து மூன்றுக் கலவரம் வந்திருக்கவில்லை, எங்கள் யாருடைய கடையும் எரிந்திருக்கவில்லை, யாரும் அகதியாகக் கப்பலேறி யாழ்ப்பாணம் போயிருக்கவில்லை. இதை அவர் எனக்குச் சொன்னபோது, அந்தப் பெட்டரியை மாற்றாமலே விட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

ஐந்து ரூபாய் நாணயக் குற்றியளவு ஒரு புதுப் பெட்டரியை எடுத்து, எல்லோரிடமும் காட்டி, இன்ன இடத்தில் வைக்கிறேன் என்று சொல்லி வைத்தார். இயந்திரம் 1997க்குத் திரும்பி வந்தது. அதோடு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் பஹ்மிக்குக் கூட்டம் கிடைத்தால் பாடம் நடத்த வேண்டும். திரையின் மூலையில் ஓடும் மணிக்கூட்டை இரண்டு முறை தட்டினால் பெட்டி திறக்கும், முள்ளை இப்படி மாற்றலாம், இவ்வளவுதான், இதற்கு டொக்டர் தேவையில்லை என்று ஹாஜியாருக்கும், பாலேந்திரனுக்கும், சுமை கட்டுகிற வீரய்யாவுக்கும் ஆளுக்கொரு தடவை செய்து காட்டி, அவர்கள் கையாலும் செய்வித்துவிட்டு வந்தார்.

ஹாஜியாரின் மகள் றமீலா தன் கதிரையில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடையின் சரக்குக் கணக்கு முழுவதும் அவள் பொறுப்பு. கடைக்கு மேலே கண்ணாடி அடித்த சின்ன அறையில், முக்காட்டுக்குள் தாழ்த்திய முகத்தோடு, நாள் முழுக்கத் தட்டிக்கொண்டிருப்பாள். பாலேந்திரனும் அதே அறையில்தான். அன்று அவள் பேசியது ஒரு சொல்கூட இல்லை. ஆனால் பஹ்மி முள் மாற்றுகிற பாடத்தை மூன்றாவது தடவை நடத்தும்போது அவள் சிரித்ததாக அவர் சொல்கிறார். பாலேந்திரனிடம் விசாரித்தேன், அவள் தும்மியதாகத்தான் அவருக்கு ஞாபகம்.

அடுத்த வாரம் தொலைபேசி வந்தது. றமீலாதான். மணிக்கூடு திரும்பவும் குழம்பிவிட்டது என்றாள், வைத்துவிட்டாள். பஹ்மி போய்ப் பார்த்தார், நேரம் அரை மணித்தியாலம் பின்னால் நின்றது. சரிசெய்தார். இரண்டு நாளில் இன்னொரு அழைப்பு. இப்போது பத்து நிமிடம் முன்னால். பெட்டரியை மாற்றினார். மறுபடியும் அழைப்பு, நாற்பது நிமிடம் முன்னால். உள்ளே இருந்த பெரிய மின்சுற்று அட்டையையே கழற்றிக்கொண்டுவந்து என் வகுப்பு நேரம் முழுவதும் அதைக் கெஞ்சினார். மாற்று அட்டை போட்டும் நேரம் அடங்கவில்லை.

தொழிலில் அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் போகப்போகிறதே என்று நான் கவலைப்பட்ட நேரத்தில் பலகைக்கு அப்பால் விசில் கேட்டது. புதுச் சட்டை. மாடிப்படி முழுக்க அத்தர் வாசனை. முடியில் எண்ணெய். கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, வகுப்பு நடக்கிறது என்பதைக் கவனிக்காமல், மேசை விளிம்பில் உட்கார்ந்து எனக்கு ஒரு நிரூபணம் செய்து காட்டினார்.

"ஸேர், பெட்டரி செத்தா எம்பதுக்குத்தானே போவும். இது அரை மணித்தியாலம் போவுது, பத்து நிமிசம் வருது. பெட்டரிக்கு அவ்வளவு அறிவு இல்ல ஸேர். இது ஆள் கை."

சரி, யாருடைய கை என்று கேட்டேன். பஹ்மி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என் இருபது வருட ஆசிரிய அனுபவம் ஒன்றுமில்லாமல் போயிற்று. ஒவ்வொரு தடவையும் தொலைபேசியில் வருவது யார்? கொம்பியூட்டருக்கு முன்னால் நாள் முழுக்க இருப்பது யார்? மணிக்கூடு பழுதானால் கடைக்கு வருவது யார்? மூன்று கேள்வி கேட்டு, மூன்றுக்கும் தானே விடை சொல்லி, என் மாணவிகள் கைதட்டாத குறைதான். ஹாஜியாரின் கடையில் வைத்து அவருடைய மகளோடு நின்று இரண்டு வார்த்தை பேச முடியுமா? முடியாது. அவளால் இவரிடம் பேச முடியுமா? அதுவும் முடியாது. ஆகையால் அவள் மணிக்கூட்டைக் குழப்பி இவரை அழைக்கிறாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. எனக்கே கொஞ்சம் தலை சுற்றியது.

அந்த நாட்களில் அவரோடு வீதியில் நடப்பது சிரமம். மழையில் குடை விரிக்க மறந்தார். வாவிக்கரையில் யாரோ ஒருவருடைய கைக்குள் அடங்கும் கொம்பியூட்டர் விளையாட்டுப் பெட்டியை இலவசமாகத் திருத்திக்கொடுத்தார். சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாயிடம், காதலிக்கிற பெண் மணிக்கூட்டைக் குழப்பினால் என்ன அர்த்தம் என்று அபிப்பிராயம் கேட்டார். அவன் யோசித்து, நல்ல அர்த்தம்தான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறான்.

அவசரத்துக்கும் காரணம் இருந்தது. ஆஸியா உம்மா கம்பளையில் ஒரு பெண் பார்த்து வைத்திருந்தார். நல்ல குடும்பம், நல்ல பிள்ளை, தட்டிக்கழிக்க ஒரு குற்றமும் அகப்படவில்லை. மாத முடிவில் வருகிற வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் கம்பளைக்குப் போய் வாக்குக் கொடுக்கப்போவதாக உம்மா நாள் குறித்துவிட்டார். உம்மா கொடுத்த வாக்கை உம்மாவே நினைத்தாலும் மாற்ற மாட்டார். அதற்குள் றமீலாவின் மனம் தெரிந்தால் பஹ்மி வாய் திறந்து மறுக்கலாம். தெரியாவிட்டால் எதைச் சொல்லி மறுப்பது? மணிக்கூடு பிந்துகிறது என்றா?

எனவே ஒரு நாள் முழுவதும் கடையிலேயே இருந்து நோயாளியைக் கண்காணிக்க வேண்டும் என்று ஹாஜியாரிடம் அனுமதி வாங்கினார். பில் அடிக்கிற பிரிண்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு கண்ணாடி அறையின் மூலையில் தரையில் உட்கார்ந்தார். றமீலாவின் கை மணிக்கூட்டுப் பக்கம் போகிற அந்தக் கணத்தைத் தன் இரு கண்ணாலும் காண வேண்டும் என்பதுதான் எண்ணம்.

காலையில் முதலில் வந்த பாலேந்திரன் கோட்டைக் கழற்றி மாட்டினார், கொம்பியூட்டரைத் திறந்தார், மூலையில் இரண்டு தட்டுத் தட்டி நேரத்தை அரை மணித்தியாலம் பின்னுக்கு வைத்தார். நடுப்பகல் ளுஹர் தொழுகைக்குப் புறப்பட வந்த ஹாஜியார் திரையைப் பார்த்து, இந்த மெஷின் திரும்பவும் பிந்துகிறதே என்று முணுமுணுத்து, நேரத்தைச் சரியாக்கி, அதற்கு மேல் ஒரு பத்து நிமிடமும் கூட்டினார். பொழுது சாயும் வேளையில், றமீலா எழுந்து போன நேரம் பார்த்து, துணிக்கட்டோடு மேலே வந்த வீரய்யா, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தோளில் இருந்த துண்டால் விரலைத் துடைத்து, மரியாதையாக இன்னும் அரை மணித்தியாலம் முன்னே தள்ளிவிட்டுப் போனார். மூன்று பேருக்கும் அந்தப் பாடத்தை நடத்தியவர் மூலையில் பிரிண்டரின் வயிற்றுக்குள் கைவிட்டபடி உட்கார்ந்திருந்தார். றமீலா நாள் முழுக்கச் சரக்குக் கணக்கு ஏற்றினாள். திரையின் அந்த மூலைக்கு அவள் கை ஒரு தடவைகூடப் போகவில்லை.

விசாரணையை பஹ்மியே நடத்தினார். ஹாஜியார் வெட்கப்படவில்லை. கடைக்காரனுடைய மணிக்கூடு கொஞ்சம் முந்தி ஓடினால்தான் ஜமாஅத் தொழுகைக்கு நேரத்துக்குப் போய்ச் சேரலாம் என்றார். வீரய்யா ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து வருகிறவர். "இருட்டுனா சென்றிச் சாவடிக்குப் பயந்து பஸ்ஸு மேல வரமாட்டேங்குது தம்பி. நான் ஒன்னும் பெருசா தள்ளல. கவருமெண்டு முந்தி குடுத்துட்டு புடுங்கிக்கிச்சே ஒரு அரை மணி, அத மட்டும் திருப்பி எடுத்துக்கிட்டேன்" என்றார். கடை முந்திப் பூட்டினால் அவர் வெளிச்சத்தோடு வீடு சேர்வார்.

பாலேந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம்.

"ஓம் பஹ்மி, நான்தான் மாத்திறனான், கோவிக்காதையும். மனுசியும் பிள்ளையளும் வடக்க, மல்லாவியில. அங்க பழைய நேரம்தானே. இதைப் பாத்தால் தெரியும், இப்ப பிள்ளையள் பள்ளிக்கூடத்தால வந்திருக்குங்கள், இப்ப அவள் விளக்குக் கொளுத்துவாள் எண்டு. கையில கட்டிற மணிக்கூட்டில வச்சால் என்னை விடமாட்டாங்கள்."

பஹ்மி வலது கையில் கட்டியிருப்பதைத்தான் பாலேந்திரனால் கட்ட முடியாது. அவர் பிறந்த இடம் அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று இருக்கிறது. அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்புகிற அதிகாரி கிடைக்க மாட்டார். அவரும் நானும் ஒரே லொட்ஜில் இருக்கிறோம், எத்தனையோ மாதமாக ஒரே மேசையில் சாப்பிடுகிறோம், இதை அவர் என்னிடம் சொன்னதில்லை.

அடுத்த நாள் பஹ்மி மூன்று சுவர் மணிக்கூடு வாங்கிக்கொண்டு போய்க் கொம்பியூட்டருக்கு மேலே வரிசையாக அடித்தார். ஒன்று பாலேந்திரனின் நேரம், ஒன்று ஹாஜியாரின் நேரம், ஒன்று வீரய்யாவின் நேரம். கொம்பியூட்டரில் இனி யாரும் கை வைக்கக் கூடாது, அது அரசாங்கச் சொத்து என்று சட்டம் போட்டார். எதற்கு மூன்று என்று துணி வாங்க வருகிறவர்கள் கேட்டால் லண்டன், டுபாய், சிங்கப்பூர் என்று சொல்லும்படி ஏற்பாடு. கடைக்கு மதிப்புக் கூடிவிட்டது என்று ஹாஜியாருக்கு மெத்தச் சந்தோஷம்.

மாடிக்குத் திரும்பி வந்தவர் என்னிடம் எல்லாவற்றையும் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு வழக்கம்போல முந்தி வந்தது, ஆனால் பின்னால் பகிடி வரவில்லை. கதிரையில் உட்கார்ந்து இரண்டு மணிக்கூட்டையும் கழற்றி மேசையில் வைத்தார். "மெஷின் ஒண்டும் பழுதில்ல ஸேர். எனக்குத்தான் கொஞ்சம் பழுதாகி ஈந்திச்சி" என்றார். ஆறுதல் சொல்லத் தெரியாத எனக்கு, கம்பளைப் பெண்ணும் நல்ல பெண் என்கிறார்களே என்று சொல்லத்தான் வந்தது. ஓ, நல்ல பிள்ளைதான் என்று ஒப்புக்கொண்டார். அதன்பின் பலகைக்கு அப்பால் விசில் கேட்கவில்லை. என் வகுப்பு ஒழுங்காக நடந்தது, அது எனக்குப் பிடிக்கவில்லை.

கடை மணிக்கூடு இப்போது பிசகவே இல்லை. திருத்தம் பலித்துவிட்டது. அதனால் யாரும் அழைக்கவும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்திய நாள் தொலைபேசி அடித்தது. பலகைக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டேன். "எந்த வருசம் காட்டுது?" என்று பஹ்மி கேட்டார், மறுமொழியைக் கேட்டு வைத்துவிட்டார். பிறகு என் கதவில் வந்து நின்று, எண்பது என்று மட்டும் சொன்னார். எண்பது என்றால் பெட்டரி. ஆள் கை இல்லை. வருகிற பெட்டரியில் பாதி சொத்தையாகத்தான் வருகிறது, அதில் ஒன்று செத்திருக்கும். தனியாகப் போக மனமில்லை, நீங்களும் வாங்க என்றார். எனக்கு உடுக்க ஒரு சாரம் வாங்க வேண்டியிருந்தது, போனேன்.

கண்ணாடி அறையில் ஹாஜியார் பத்திரிகை விரித்துப் படித்துக்கொண்டிருந்தார். பாலேந்திரன் வங்கிக்குப் போயிருந்தார். றமீலா எழுந்து கதிரையை விட்டுக்கொடுத்து உள்ளே போனாள். திரையில் சனவரி முதலாம் திகதி, 1980. மேலே சுவரில் மூன்று மணிக்கூடும் மூன்று விதமாக ஓடின. பஹ்மி திருகாணிகளைக் கழற்றினார், நான் டோர்ச் பிடித்தேன். மூடியை எடுத்து, வெளிச்சத்தை உள்ளே அடித்தோம்.

பெட்டரி செத்திருக்கவில்லை. பெட்டரியே இல்லை. அது இருக்க வேண்டிய சின்னக் குழி வெறுமையாக இருந்தது. அதன் மேல் பிடித்துக்கொள்ளும் தகடு கவனமாக, நோகாமல் நிமிர்த்தப்பட்டிருந்தது.

பஹ்மி குனிந்து அந்தக் குழிக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார்.

"என்ன மகன், திரும்பவும் பெட்டரியா?" என்று பத்திரிகைக்கு அப்பாலிருந்து ஹாஜியார் கேட்டார்.

"ஓ ஹாஜியார். பெட்டரிதான்."

அப்போது தேத்தண்ணி வந்தது. வழக்கமாக வீரய்யா கொண்டுவருவது, இன்று றமீலா கொண்டுவந்தாள். பால் இல்லாத வெறும் சாயம், தட்டில் கடித்துக் குடிக்க ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி. எனக்கு ஒன்று வைத்தாள், பஹ்மிக்கு ஒன்று வைத்தாள், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பக்கத்து மேசையில் பில்களை அடுக்கத் தொடங்கினாள். பஹ்மியின் தட்டை நான் பார்த்தேன். கருப்பட்டித் துண்டுக்குப் பக்கத்தில், வெள்ளியாக மின்னிக்கொண்டு, அந்தப் பெட்டரி இருந்தது.

அவர் இன்னும் அந்த வெறுங்குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்காமலே கையை நீட்டினார், பார்க்காமலே பெட்டரியை எடுத்தார், கருப்பட்டி என்று எண்ணி வாய்க்குக் கொண்டுபோனார். நான் காலால் அவர் காலை மிதித்தேன். உதட்டில் பட்ட குளிருக்குத் தான் எடுத்தது என்னவென்று அவருக்கும் தெரிந்துவிட்டது. மெதுவாகக் கையை இறக்கி, அதைப் பார்த்து, விரல்களை மூடிக்கொண்டார். பில் அடுக்குகிற சத்தம் நின்றிருந்தது.

"புதுசு ஒண்டு போடோணும் ஹாஜியார். நாளைக்கு ஜும்ஆ முடிய நானே கொண்டு வாறேன்" என்றார். குரல் கொஞ்சம் ஏறி இறங்கியது. பிறகு, ஒரு டெலிபோன் கோல் எடுக்கலாமா என்று அனுமதி கேட்டு, ஹாஜியாரின் மேசையில் இருந்த தொலைபேசியையே எடுத்து வீட்டு இலக்கத்தைச் சுழற்றினார்.

"உம்மா, நாளைக்குக் கம்பளைக்குப் போவ வேணாம்."

அந்தப் பக்கம் ஆஸியா உம்மாவின் குரல் உயர்ந்தது எனக்கே கேட்டது. காரணத்தை வந்து செல்றேன், வந்து செல்றேன் என்று இரண்டு முறை சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தார். ஹாஜியார் பக்கத்தைத் திருப்பினார். பெட்டரியை மூடிய இடது கையைத் திறக்காமலே பஹ்மி வலது கையால் கோப்பையை எடுத்தார், கருப்பட்டியைத் தொடாமல், அந்தக் கசப்புச் சாயத்தை சர்பத் குடிக்கிறவரைப் போலக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். பிறகு எழுந்து நான்கு அடி நடந்து, வெறுங்கோப்பையை அவளுடைய மேசை விளிம்பில் சத்தம் வராமல் வைத்தார்.